பத்துக்கு முன்னால் ஐந்து

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயர் 'பத்திருபது'. வைத்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்த மனிதன் எதை எழுதினாலும் பத்து, இருபது, முப்பது என்றுதான் எண் போடுவான். கடைக்குப் போகும் சீட்டில்கூட பத்து சோப்பு, இருபது சர்க்கரை, முப்பது பல்பு. புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது "பத்து சோப்பா?" என்று வாயைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, அன்றைக்கு அரை மணி நேரம் வேலை நடக்காது.

"நடுவுல ஏதாவது மறந்துட்டா பதினஞ்சுன்னு போட்டுச் செருகிக்கலாம்ல? அதுக்குத்தான் இடம் விட்டு எழுதணும். பேசிக்ல அப்படித்தான்" என்று ஆரம்பிப்பான். பேசிக் என்பது அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புரிந்த பாஷை. கம்ப்யூட்டர் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தக அளவு, ரப்பர் பொத்தான்கள், திரைக்கு வீட்டு டிவி, சேமித்து வைக்கப் பாட்டு கேட்கும் கேசட். இவ்வளவுதான். ஆனால் அவன் சொல்லும்போது ஏதோ ராஜ்ஜியத்தை ஆண்டுவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும்.

சொல்லி முடிக்கும்போது ஒரு முத்தாய்ப்பு உண்டு. "மனுஷன் ஆளைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான். யந்திரத்துக்கு ஓரவஞ்சனை தெரியாது. என் வாழ்க்கையையே அதுகிட்ட குடுத்துப் பார்த்தவன் நான்."

இத்தனை பேசுகிறவன் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தானா என்றால் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அது அட்டைப்பெட்டியில் துணி சுற்றிக் கிடந்தது. பழைய காதலியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் அவள் வீட்டுப் பக்கம் போவதில்லை என்பார்கள். அந்த ரகம்தான் இவனும்.

இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். இறக்க வைத்தது அம்மா விஷயம்.

அவனுடைய தங்கை பத்து நாள் லீவில் வந்திருந்தாள். தங்கை என்றாலும் பத்து நிமிடத்துக்குத்தான் இளையவள். இரட்டைப் பிள்ளைகள். அவள் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற பேராசிரியை. கணவர் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. வீடு பெரிது, தரையோடு தரையான வீடு, வாசலில் தோட்டம். அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும் என்பதுதான் அவள் வந்த காரணம்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடி. இடுப்பு எலும்பு உடைந்து சேர்ந்தபின் அம்மா தெருவைப் பார்த்து நாலு மாசம் ஆகிறது. ஜன்னலோடு சரி.

ஆனால் அவனுக்கு அம்மா இல்லாத வீடு என்ன வீடு என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அவளும் எட்டாவது மாடியில் சிக்கியவர் தன் சம்பந்தி மாதிரி "பாவம், சாப்பிட்டாரா" என்று கேட்பாள். மனைவிக்கு மருந்துக்கடையில் ஷிஃப்ட் வேலை, அவள் வரும் நேரம் நிச்சயமில்லை. பிள்ளை இல்லை. அம்மா போய்விட்டால் அவன் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ்தான் மிச்சம்.

மூன்று நாள் பேசிப் பார்த்தார்கள். அம்மாவைக் கேட்டால், "ரெண்டு கண்ணுல எந்தக் கண்ணு வேணும்னு யாராவது கேப்பாங்களா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எப்போதும் இதே பதில்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னாலும் இதைத்தான் சொன்னாள்.

"அப்போ அன்னைக்கு மாதிரியே யந்திரத்துகிட்ட விட்டுடுவோம்" என்றான் அவன்.

தங்கை கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். "வேணாம்டா. நாம என்ன சின்னப் பிள்ளைங்களா?"

"சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப சரியா இருந்துச்சுல்ல? அது சொன்னதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசினேனா நான்? இன்னைக்கு எனக்கு ஒரு வாய்ப்பு குடு."

அவள் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள் அவன் பரணில் ஏறினான்.

வேலையிடத்திலிருந்து ஒரு பழைய பெட்டி டிவியை அவன் எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்தான். அடாப்டரில் கெட்டுப்போன ஒரு பாகத்தை மாற்றி, வயர்களைச் சுரண்டி, அரை மணியில் எல்லாம் தயார். திரையில் சாம்பல் நிறம் வந்து, மூலையில் அந்தச் சின்னக் கட்டம் மினுக்கியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது மனிதன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரப்பர் பொத்தான்களைத் தடவினான்.

கேசட்டின்மேல் அவன் கையெழுத்தில் 'முடிவு' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அவன் எழுதிய நிரலின், அதாவது புரோகிராமின், பெயர் அது.

லோட் என்று அடித்து டேப்பை ஓடவிட்டான். கீச் என்று காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம் வீடு முழுக்கப் பரவியது. பாதியில் நின்றுவிட்டது. டேப் ரெக்கார்டரின் தலைப்பக்கத்துத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினான். மறுபடியும் கீச்.

அது ஏற இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம்.

அப்போது இரண்டு பேருக்கும் பதினேழு வயது. அப்பாவுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா, ஒரு பிள்ளையை அழைத்துப் போய்ப் படிக்க வைக்கிறேன் என்றார். ஒன்றைத்தான். மற்றது வீட்டில் இருந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். இரண்டு பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள், இரண்டு பேருக்கும் ஆசை. அம்மா கண் உதாரணத்தைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவன்தான் வழி சொன்னான். ஒன்றிலிருந்து நூறுக்குள் யந்திரம் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கட்டும். ஒருத்தருக்கு ஒற்றை, ஒருத்தருக்கு இரட்டை. யாருடைய பக்கம் விழுகிறதோ அவர் போகட்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினான். எண் வருவதற்குமுன் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வரிசை கட்டும்படி அலங்காரமெல்லாம் செய்தான். ஒரே மூச்சில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தான், எண்கள் மாறி மாறித்தான் வந்தன. அந்த யந்திரத்தை அவன் காலையில் போட்டால் மத்தியானம் கணக்கு கிளாஸுக்குப் போகும்போதுதான் அணைப்பான், திரும்பி வந்தால் மறுபடி ராத்திரி வரை. தங்கையைக் கிட்டே விடமாட்டான். "கை வைக்காத, கெட்டுப்போயிடும்" என்பதுதான் அந்த வருஷம் முழுக்க அவளிடம் அவன் பேசிய பேச்சு.

முடிவு நாளன்று சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏற்கெனவே உள்ள ஏதாவது பண்ணி வச்சிருந்தா?" நியாயமான கேள்விதான். அவன் எல்லார் முன்னாலும் யந்திரத்தை அணைத்து, பத்து எண்ணி, திரும்பப் போட்டு, கேசட்டிலிருந்து புதிதாக ஏற்றினான். எழுதியவனே பக்கத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று தங்கையைக் கேட்டான். அவள் "ஒற்றை" என்றாள். நட்சத்திரங்கள் வரிசை கட்டின. எழுபத்து மூன்று.

அவள் போனாள். அவன் ஒன்பது வருஷம் அப்பாவைத் தூக்கினான். ஒருநாள்கூட மனசு கசக்கவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் கசக்கும்போதெல்லாம் எழுபத்து மூன்றை நினைத்துக்கொள்வான். யாரும் அவனைத் தள்ளிவிடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, எண் அப்படி விழுந்தது. அந்த நினைப்பு அவனுக்கு முதுகெலும்பு மாதிரி. கம்பெனி லாக்கருக்கு எந்த எண் வேண்டும் என்று கேட்டபோது எழுபத்து மூன்றைக் கேட்டு வாங்கினான்.

டேப் நின்றது. நிரல் ஏறிவிட்டது.

"சொல்லு. ஒற்றையா, இரட்டையா?"

தங்கை திரையைப் பார்த்தாள், அம்மாவின் அறைக் கதவைப் பார்த்தாள். "இரட்டை" என்றாள்.

"அப்போ ஒற்றை எனக்கு. ஒற்றை வந்தா அம்மா இங்க." ரன் என்று அடித்தான். நட்சத்திரங்கள் அதே சோம்பேறித்தனத்தோடு ஊர்ந்தன.

எழுபத்து மூன்று.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். அம்மா தனக்குத்தான் என்பதுகூட உடனே உறைக்கவில்லை. "ஏய், எழுபத்து மூணுடி. அதே எழுபத்து மூணு. நூறுல ஒண்ணு. இத பாரு" என்று சாவிக்கொத்தை எடுத்து எண் பொறித்த லாக்கர் வில்லையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். "முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு எனக்குத் திருப்பிக் குடுக்குது பாரு."

தங்கை சிரிக்கவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைக் கவனித்தான்.

கைதான் கெடுத்தது. இருபத்தாறு வருஷம் லிஃப்டோடு மாரடித்த கை. எந்தப் பழுதுக்கும் முதல் வைத்தியம் அணைத்துப் போடுவது, எந்த அதிசயத்துக்கும் அதேதான். ஒரு தடவை நடந்தால் அது தற்செயல், அணைத்துப் போட்டும் நடந்தால் அதற்குக் காரணம் உண்டு என்று புதுப் பையன்களுக்கு அவனே சொல்லுவான். யோசிக்காமல் வயரைப் பிடுங்கினான், பத்து எண்ணினான், மாட்டினான். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி ஏற்றினான். தங்கை "போதும்டா" என்று மெதுவாகச் சொன்னது கீச்சொலியில் அமுங்கிவிட்டது.

நட்சத்திரங்கள். எழுபத்து மூன்று.

மூன்றாம் தடவையும் பிடுங்கி, மாட்டி, ஏற்றினான். எழுபத்து மூன்று.

அட்டைப்பெட்டிக்குள் கையேடு இருந்தது. பதினேழு வயதில் அதை அவன் முழுசாகப் படித்ததில்லை, விளையாட்டு எழுதும் பக்கத்திலிருந்து நேராக ஆரம்பித்தவன். இப்போது நின்றுகொண்டே புரட்டினான். நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, தெளிவாகப் போட்டிருந்தது. யந்திரத்தை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் எண்கள் ஒரே வரிசையில்தான் வரும். அதை மாற்ற வேண்டுமானால் நிரலின் ஆரம்பத்தில் ரேண்டமைஸ் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அந்தப் பத்தியை விரல் வைத்து மறுபடி படித்தான். அன்றைக்கு அணைத்துப் போட்டதால்தான் எழுபத்து மூன்று வந்தது. அணைக்காமல் விட்டிருந்தால் எது வேண்டுமானாலும் வந்திருக்கும். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவன் செய்த ஒரே காரியம்தான் அவன் தலையில் மண்ணைப் போட்டிருக்கிறது.

"பாத்தியாடி" என்றான். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "எண்ணே விழல. ஒரே எண்ணுதான் இருந்திருக்கு. ஒரு வரி எழுதாம விட்டதுக்கு… எவ்வளவு பெரிய முட்டாள் பாரு நான். பாடம் நடத்துறவ நீ, சொல்லு, இப்படியும் ஒருத்தன் இருப்பானா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து தன் அறை வாசலில் நின்றாள். "அந்தச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்" என்றாள். முகத்தில் பழைய நாள் வந்திருந்தது. "எத்தனை வருஷமாச்சு. தினம் மத்தியானம் கேக்குமே. நீ கணக்கு கிளாஸுக்குப் போனதும் இவ அதைப் போட்டுட்டு உக்காந்துடுவா. நீ வர்ற நேரம் அணைச்சிட்டு, அந்தக் கறுப்பு டப்பா சூடா இருக்குன்னு நோட்டால விசிறுவா. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. எனக்குச் சிரிப்பா வரும்."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். கறுப்பு டப்பா என்றால் அடாப்டர். அதன் சூட்டை விசிறி ஆற்றினாள் என்றால், தொட்டது அவனுக்குத் தெரியக் கூடாது என்றுதான். தெரியக் கூடாதென்றால் தினமும் அணைத்தாக வேண்டும். தினமும் அணைத்துப் போட்டவள் தினமும் என்ன பார்த்திருப்பாள் என்பது அவனுக்கு ஒவ்வொரு படியாக, வரி வரியாக விளங்கியது.

"எத்தனை தடவை?" என்றான்.

"பன்னெண்டு."

"பன்னெண்டு தடவையும்?"

"எழுபத்து மூணு." அவள் தலையை நிமிர்த்தினாள். "முதல்ல சொல்லத்தான் நினைச்சேன்டா. உன் புரோகிராம்ல தப்பு இருக்குன்னு. சொன்னா நான் தொட்டது தெரிஞ்சுடும், நீ கத்துவ. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள முடிவு பண்ற நாள் வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் நீ அணைச்சுப் போட்ட. ஒற்றையா இரட்டையான்னு என்னைத்தான் கேட்ட."

அவன் உட்கார்ந்தான்.

"வருஷா வருஷம் முதல் வகுப்புல இதத்தான் சொல்லித் தரேன்" என்றாள். "கம்ப்யூட்டர் தானா எதையும் எடுக்காது, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு நாமதான் சொல்லணும்னு. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கும். நீ எப்ப கண்டுபிடிப்பன்னு முப்பத்தஞ்சு வருஷமாக் காத்துட்டு இருந்தேன்."

"கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே" என்றான்.

"தெரியும். அதான் கேக்கல. கேட்டு வாங்கியிருந்தா ஆயுசுக்கும் உன் முகத்தைப் பார்க்க முடியாது."

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "பொய் சொல்லிட்டேன். குடுத்திருக்க மாட்டேன். குடுக்க மனசு இல்லாமத்தான் புரோகிராமே எழுதினேன்." இதைச் சொன்னது அவளைவிட அவனைத்தான் அதிகம் உலுக்கியது. நல்லவன் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே சாட்சியும் கையைவிட்டுப் போயிற்று.

அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் திரையில் நின்ற எழுபத்து மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திடீரென்று திரும்பினான். "இன்னைக்கு இரட்டைன்னு சொன்னியே."

அவள் அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னைக்கும் உனக்குத் தெரியும். ஒற்றைதான் வரும்னு தெரிஞ்சு இரட்டை சொன்ன. எனக்குப் பிச்சை போட்டியா?"

"அப்படி இல்லடா. ரெண்டு தடவை எடுத்துக்க எனக்கு மனசு வரல."

"ரெண்டு தடவையும் நீதான் முடிவு பண்ணியிருக்க. ரெண்டு தடவையும் நான் இந்த டிவியப் பார்த்துட்டு வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கேன்."

ரப்பர் பொத்தான்கள் பக்கம் திரும்பினான். நிரலைத் திரைக்குக் கொண்டுவந்தான். பத்து, இருபது, முப்பது என்று அவன் பதினேழு வயதில் அடுக்கிய வரிகள். பத்துக்கு முன்னால் இடம் இருந்தது. மறந்தது ஏதாவது இருந்தால் செருகிக்கொள்ளலாம் என்று அவனே விட்டு வைத்த இடம்தான். ஐந்து என்று போட்டு, ரேண்டமைஸ் என்று அடித்தான். முப்பத்தைந்து வருஷம் தாமதமாக வந்த அந்த வரி, ஒன்றும் நடக்காதது மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்தது.

"இப்ப சொல்லு. ஒற்றையா, இரட்டையா?"

அவள் எழுந்து வயரைப் பிடுங்கக் கையை நீட்டினாள். "கை வைக்காத" என்றான். அதே பழைய குரல். அவள் கை அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியாதேடா" என்றாள். "என்ன வரும்னு தெரியாம அம்மாவ வச்சு எப்படிடா சொல்றது? பயமா இருக்கு."

"அன்னைக்கு எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

மூலையில் கட்டம் மினுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு "ஒற்றை" என்றாள். வாய்க்குப் பழகிய சொல் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அவன் ரன் அடித்தான். நட்சத்திரங்கள் ஊர்ந்தன. அவற்றை எழுதியவனுக்கு முதல் தடவையாக அவற்றின்மேல் பயம் வந்தது.

பத்தொன்பது.

தங்கை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "வேணாம்டா. இது செல்லாது. அம்மா உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அசையவில்லை. இந்தத் தடவை யாரும் கை வைக்கவில்லை. திட்டுவதற்கு ஒருத்தர்கூட இல்லை.

"பாஸ்போர்ட்டை எடுத்துத் தரேன்" என்றான். "நாளைக்குக் கீழ இறக்க நாலு பேரக் கூட்டிட்டு வரேன். நாற்காலியோட தூக்கிடலாம்."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். "யாருக்குடா வந்துச்சு?"

"அவளுக்குத்தாம்மா."

"இந்தத் தடவையும் அவளுக்கேவா?"

"இல்லம்மா" என்றான் அவன். "இந்தத் தடவைதான் அவளுக்கு."